புடிச்சிருக்கு

இப்போதெல்லாம் யாருக்கும் சாப்பாடு மட்டும் போதவில்லை; சமையலறையையும் பார்க்க வேண்டும். ஓட்டலுக்குப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் பீட்சா மாவைச் சுழற்றி மேலே எறிகிறான், இந்தப் பக்கம் குடும்பம் குடும்பமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். காரைக் கழுவக் கொடுத்தால் அங்கேயும் ஒரு ஜன்னல், அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு. பேஸ்பால்காரர்கள் சட்டை மாற்றும் அறைக்குள்கூட கேமரா போய்விட்டது. ஒரு வேலையைச் செய்து முடித்து, தூசி துடைத்து, முன்னால் கொண்டுவந்து வைத்தால் ஒருத்தனும் நின்று பார்ப்பதில்லை. வேர்க்க விறுவிறுக்கச் செய்யும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும், போனில் பிடிக்க வேண்டும், முடிந்ததும் கைதட்ட வேண்டும். டெல்பர்ட் கிரைம்ஸ் இதை ஒரு வியாதி என்றே வைத்திருந்தார். கடைசியில் அந்த வியாதி அவர் வேலை பார்த்த மியூசியத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஏரிக்கரையில் இருக்கிற பழைய மியூசியம் அது. டெல்பர்ட்டுக்கு அங்கே படம் மாட்டும் வேலை. மாட்டுவது, இறக்குவது, பெட்டிக்குள் வைப்பது, பெட்டியிலிருந்து எடுப்பது. திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை; மாட்டுகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் முழு வேலை. மறுநாள் காலையில் ஜனங்கள் வரும்போது படங்கள் பிறந்ததிலிருந்தே அந்தச் சுவரில் இருந்தவை போல இருக்க வேண்டும். ஏணி கண்ணில் படக் கூடாது, ஆணி கண்ணில் படக் கூடாது, டெல்பர்ட் கண்ணில் படவே கூடாது. வேலை சுத்தம் என்றால் அதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பெட்டி அறைக்கு ஹாட்லி வந்தாள். மியூசியத்தின் பொது நிகழ்ச்சிகளையெல்லாம் நடத்துகிற பெண். முப்பது வயதிருக்கும். நடக்கிற இடத்திலும் ஓடுவாள்.

"டெல்பர்ட், ஒரு நல்ல சேதி!"

"நல்ல சேதின்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க எல்லாரும் எனக்கு ஒரு வேலையைக் கொண்டுவந்துதான் தந்திருக்காங்க," என்றார் டெல்பர்ட். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைக்கவில்லை.

"கிடங்குல இருட்டுல கெடக்குற படங்கள்ல கொஞ்சத்தைக் காட்டி, எது வெளிய வரணும்னு ஜனங்களையே ஓட்டுப் போடச் சொன்னோம்ல? முடிவு வந்தாச்சு. பூனை!"

"எந்தப் பூனை?"

"மீனுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குமே, அந்தக் குண்டுப் பூனை. வியாழக்கிழமை சாயங்காலம் ஓட்டுப் போட்டவங்க முன்னாடியே அதைச் சுவத்துல மாட்டப்போறீங்க. நீங்களும் யொலாண்டாவும்."

டெல்பர்ட் மெல்லுவதை நிறுத்தினார். "ஜனங்க முன்னாடியா?"

"ஆமா. திரைக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு பாக்க அவங்களுக்கு ரொம்ப ஆசை."

"பின்னால பாக்கக் கூடாதுன்னுதாம்மா திரைன்னு ஒண்ணைப் போடுறது."

ஹாட்லி சிரித்தாள். அவளிடம் அது ஒரு கெட்ட பழக்கம், திட்டினாலும் சிரிப்பாள். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"பெருசு, வியாழக்கிழமை தலையை வாரிக்கிட்டு வாங்க. இருக்குற நாலு முடியையும்."

அது யொலாண்டா டில்மன். நாற்பதைத் தாண்டியவள், நல்ல உயரம், தோள் ஆண்பிள்ளைத் தோள். முன்பு நாடக அரங்கில் திரைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவள். ஒரு வருஷமாக டெல்பர்ட்டுக்கு ஜோடி. ஒப்பந்த வேலைதான். ஒருவர் ஓய்வுபெற்றுப் போனதில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. அதை அவளுக்குத் தருவதா, வெளியிலிருந்து ஆள் எடுப்பதா என்று மாட்டும் பிரிவின் தலைவர் கர்ட் யோசித்துக்கொண்டிருந்தார். யொலாண்டா வலது பக்கக் கடைவாயால் மென்று ரொம்ப நாளாயிற்று. நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு வரும், காப்பீடு வந்தால் பல் டாக்டரிடம் போகலாம் என்று வலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். வலி அதிகமான நாட்களில் அவள் கிண்டலும் அதிகமாகும்.

இந்த வேலையில் ஒரு சொல் உண்டு. படம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது, வாங்குகிறவர் இரண்டு கையையும் அடியில் கொடுத்து, கனம் தன் தோளுக்கு வந்த பிறகு, "புடிச்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கொடுக்கிறவர் விடலாம். "சரி" என்றால் செல்லாது. "ம்" செல்லாது. தலையாட்டினால் செல்லவே செல்லாது. அந்த ஒரு சொல்தான். புதிதாக வருகிறவர்களுக்கு ஆணி அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

டெல்பர்ட் அந்தச் சொல்லுக்கும் விடுவதில்லை. "புடிச்சிருக்கு" என்று கேட்ட பிறகும் இன்னும் ஒரு மூச்சு பிடித்துக்கொண்டே நிற்பார். தன் விரலுக்கடியில் கனம் இல்லாமல் போனால்தான் கையை எடுப்பார். இளவயதில் பியானோ தூக்கிப் பிழைத்தவர். ஒரு மாடிப்படித் திருப்பத்தில் மேலே நின்ற கூட்டாளி அதே வார்த்தையைச் சொன்னான். டெல்பர்ட் நம்பிக் கையை எடுத்தார்; பியானோ அவர் மேல் சரிந்தது. அன்றிலிருந்து அவர் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. பியானோவுக்குப் பிறகு பிரஸ் ஷாப்பில் தகரம் அடித்தார். அந்த இரைச்சல் இடது காதை வாங்கிக்கொண்டது. விரல் கதையை எல்லோரிடமும் சொல்வார். காது கதையை யாரிடமும் சொன்னதில்லை. சாப்பிடும்போது பெஞ்சின் இடது கோடியில்தான் உட்காருவார், எல்லோரும் வலது பக்கம் இருக்கும்படி. அவருக்கு அந்த இடம் பிடிக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. கூடத்தின் சிவப்புச் சுவரில், படங்களின் மேல்வரிசையில் பூனைக்கு இடம் விட்டிருந்தார்கள். சக்கரம் வைத்த சாரத்தின் மேல் யொலாண்டா மண்டியிட்டிருக்க, கீழே சின்ன ஏணியில் நின்று டெல்பர்ட் படத்தை மேலே கொடுக்க வேண்டும். படத்தைவிடச் சட்டம்தான் கனம்: முழுக்கத் தங்கப் பூச்சு, மூலைக்கு மூலை இலையும் கொடியும்.

"புடிச்சிருக்கு," என்றாள் யொலாண்டா.

டெல்பர்ட் விடவில்லை.

"புடிச்சிருக்கு பெருசு."

கொஞ்சம் பொறுத்து, அவள் ஒரு வெட்டு வெட்டி இழுத்த பிறகுதான் படம் அவர் கையை விட்டுப் போனது. கீழே நின்ற கர்ட் தாடையைத் தடவிக்கொண்டார்.

"டெல்பர்ட், ரெண்டு பேரும் ஒரு படத்துக்கு அடிச்சுக்குற மாதிரி இருக்கு."

"அடிச்சுக்கல. நிச்சயம் பண்ணிக்கிறேன்."

"வியாழக்கிழமை மேலிடத்து ஆளுங்க எல்லாம் வர்றாங்க. பக்கத்துல நின்னு வேலை பாக்குற உங்களுக்கே இவ மேல நம்பிக்கை இல்லன்னு பாத்தா, நான் போய் அவங்ககிட்ட இவளுக்காக என்னத்தைப் பேச?"

ஹாட்லிக்கும் ஒன்று சொல்ல இருந்தது. "டெல்பர்ட், அந்தப் பக்கம் நின்னா உங்க முதுகு பூனையை மறைக்குது. சாரத்துக்கு இந்தப் பக்கம் வந்துடுறீங்களா?"

இந்தப் பக்கம் வந்தால் யொலாண்டா அவருடைய இடது காதுக்கு மேலே இருப்பாள். அது டெல்பர்ட்டுக்கு உடனே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். "எந்தப் பக்கம்னா என்ன," என்று சொல்லிவிட்டு ஏணியை நகர்த்திப் போட்டார்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவர் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது யொலாண்டா வந்து எதிரே நின்றாள். கிண்டல் முகம் இல்லை.

"ஒரு வருஷமா ஒவ்வொரு படத்தையும் உங்க கையிலேந்து புடுங்கித்தான் எடுக்குறேன். ஒரு தடவையாவது நான் தவற விட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அவனும் அதுவரைக்கும் தவற விட்டதில்ல. பியானோக்காரன்."

"அந்தப் பியானோவை இன்னும் எத்தனை நாளைக்கு என் தலையில வைக்கப்போறீங்க? நான் அவன் இல்ல பெருசு. வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும். நான் சொன்னதும் விட்டுடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"பாக்கலாம்."

"பாக்கலாம் வேண்டாம். விடுறேன்னு சொல்லுங்க."

டெல்பர்ட் இன்னும் கொஞ்சம் பனி சுரண்டினார். சுரண்டிய இடத்தையே சுரண்டினார். "சரி, விடுறேன்," என்றார்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. கோட்டும் தொப்பியுமாக உள்ளே வந்து, பிளாஸ்டிக் கோப்பையில் ஒயினும் பல்குச்சியில் குத்திய பாலாடைக் கட்டியுமாக நின்றார்கள். பூனைக் காது வைத்த தலைப்பட்டி மாட்டிக்கொண்டு சிலர் வந்திருந்தார்கள்; குழந்தைகள் அல்ல. டெல்பர்ட் நீல ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியில் நிற்கிற படத்துக்குப் பக்கத்தில் காவல் நின்றார். அந்தப் பூனையை அவர் பலமுறை தூக்கியிருக்கிறார். எல்லோரும் அது மீனைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். அது மீனைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, வாசல் எங்கேயோ இருக்கிற திசையில் பார்க்கிறது. யாரோ வருகிறார்கள், வருகிற ஆள் நல்லவனாக இருக்க முடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. ஓட்டுப் போட்டவர்களில் ஒருவராவது இதைக் கவனித்திருப்பாரா என்பது டெல்பர்ட்டுக்குச் சந்தேகம்.

ஹாட்லி மைக்கை எடுத்தாள். படம் மாட்டுகிறவர்கள் கையுறை ஏன் போடுகிறார்கள், சட்டத்தை மேலே ஏன் பிடிக்கக் கூடாது, அடியில் ஏன் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். தப்பில்லாமல்தான் சொன்னாள். டெல்பர்ட் ஏணியில் ஏறினார். இரண்டு கையாலும் சட்டத்தை அடியில் தாங்கித் தலைக்கு மேலே உயர்த்தினார். மேலேயிருந்து யொலாண்டாவின் கைகள் இறங்கி வந்தன. ஒரு கை சட்டத்துக்கடியில் போனது. இன்னொரு கை போய்க்கொண்டிருந்தது.

"இதோ, நீங்க தேர்ந்தெடுத்த பூனை, இத்தனை வருஷம் கழிச்சு முதல் தடவையா வெளிச்சத்துக்கு வருது," என்றாள் ஹாட்லி கூட்டத்தைப் பார்த்து. "எல்லாருக்கும் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு!" என்றது கூட்டம்.

டெல்பர்ட் கையை எடுத்தார்.

விரலுக்கடியில் கனம் இன்னும் இருந்தது. அது அவருக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் கொடுத்த வாக்குப்படி கை முந்திக்கொண்டுவிட்டது. படம் ஒரு பக்கமாகச் சரிந்தது. யொலாண்டா ஒற்றைக் கையில் விழுந்த கனத்தோடு முன்னால் சாய்ந்து, நெஞ்சாலும் முன்னங்கையாலும் சட்டத்தைச் சாரக் கம்பியோடு சேர்த்து நெரித்துப் பிடித்தாள். மூலையிலிருந்து தங்க இலை ஒன்று உடைந்து, ஏணிப் படியில் பட்டுத் தரையில் போய் விழுந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. படம் விழவில்லை என்று தெரிந்ததும் கைதட்டியது.

டெல்பர்ட் மறுபடியும் அடியில் கை கொடுத்தார். யொலாண்டா இரண்டாவது கையைக் கொண்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"புடிச்சிருக்கு."

இந்த முறை அவர் விடவே இல்லை. "விடுங்க," என்று அவள் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சரக்கு லிப்டில் இருவரும் இறங்கினார்கள். யொலாண்டா மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வீங்கத் தொடங்கியிருந்தது. உடைந்த இலை டெல்பர்ட்டின் கையில், பஞ்சுத் தாளில் சுற்றியபடி இருந்தது.

"நான் சொல்லல," என்றாள்.

"கேட்டுச்சே."

"நான் சொல்லல பெருசு. என் ரெண்டாவது கை அப்ப காத்துல இருந்துச்சு."

"புடிச்சிருக்குன்னு கேட்டுச்சு."

"யார் குரல்ல கேட்டுச்சு?"

டெல்பர்ட் லிப்டின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கூட்டமே சேந்து கத்துது. ஒரு வருஷமா தினம் கேக்குற என் குரலுக்கும் அதுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியலையா?" லிப்ட் நின்றது. கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. "ஒரு நாள் என்னை நம்பி விடுங்கன்னு கேட்டேன். நீங்க என்னை நம்பி விடல. சொல்லை நம்பி விட்டீங்க. அது வேற."

அவருக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அது காதைப் பற்றியது. அதனால் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கர்ட் தன் அறைக்கு மூன்று பேரையும் கூப்பிட்டார். ஹாட்லி முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்; கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. யாரோ போனில் பிடித்ததை ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் டெல்பர்ட்டின் முதுகு தெரிந்தது, மேலே யொலாண்டாவின் கையிலிருந்து படம் சரிவது தெரிந்தது, இலை விழுவது தெரிந்தது. பார்க்கிற யாருக்கும் அவள்தான் நழுவவிட்டாள் என்றுதான் தோன்றும்.

"மேலிடத்துல ஒரே கேள்விதான் கேக்குறாங்க," என்றார் கர்ட். "யார் கையிலேந்து போச்சு? அவங்களைக் கேட்டா, இந்தப் பொம்பளை கையிலேந்துங்குறாங்க. நிரந்தர வேலையை வெளியாளுக்குக் குடுங்கன்னு வேற சொல்லியாச்சு."

"நான் புடிச்சிருக்குன்னு சொல்லவே இல்ல கர்ட்," என்றாள் யொலாண்டா. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

கர்ட் பெருமூச்சு விட்டார். "யொலாண்டா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. டெல்பர்ட்டைப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும். சொன்னப்புறமே விடாத மனுஷன். சொல்லாம விட்டார்னு நான் போய்ச் சொன்னா யார் நம்புவாங்க? நானே நம்ப மாட்டேன்."

டெல்பர்ட்டுக்கு நிலைமை நன்றாகப் புரிந்தது. அவர் எதுவும் செய்ய வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். யாரையும் நம்பாமல் சேர்த்து வைத்த பேர், பக்கத்தில் இருக்கிறவளின் வேலையைத் தின்று அவரைக் காப்பாற்றிவிடும். யொலாண்டா அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்; கெஞ்சுகிற கண்ணைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாக்கால் கடைவாயைத் துழாவிக்கொண்டு.

"நான்தான் விட்டேன்," என்றார் டெல்பர்ட்.

"என்னது?"

"இவ சொல்லல. இவ கை வந்தே சேரல. நான் விட்டேன். ஏன் விட்டேன்னு கேளு. விடு விடுன்னு நீங்க மூணு பேரும்தான் என் உசுரை எடுத்தீங்க. சண்டை போடுற மாதிரி இருக்குன்ன நீ. எல்லாரும் பாக்கட்டும்னா இவ. நீ," என்று ஹாட்லியின் பக்கம் திரும்பினார், "புடிச்சிருக்கான்னு கேட்ட. அதுங்க புடிச்சிருக்குன்னு கத்துச்சுங்க. நான் விட்டேன்."

ஹாட்லி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்... படம் புடிச்சிருக்கான்னுதான் கேட்டேன்."

"தெரியுது. இப்பத் தெரியுது."

கர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சிரிக்காத. அவ கை முறிஞ்சிருந்தா சிரிச்சிருப்பியா?"

கர்ட் சிரிப்பை நிறுத்தினார். நிறுத்தியதும் வேறொன்று தோன்றிவிட்டது அவருக்கு. "ஆனா கூட்டம் பின்னால இருந்துச்சு. இவ உங்க காதுக்குப் பக்கத்துல இருந்தா. எப்படி மாறிப்போச்சு? எந்தப் பக்கம் நின்னீங்க?"

"இந்தப் பொண்ணு நிக்கச் சொன்ன பக்கம்."

கர்ட் எழுந்து மேஜையைச் சுற்றிவந்து டெல்பர்ட்டின் இடது பக்கம் நின்றார். கையால் வாயை மறைத்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னார். யொலாண்டா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஹாட்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் என்ன சொன்னேன் டெல்பர்ட்?"

"எப்பவும் சொல்றதைத்தான் சொல்லியிருப்ப. உருப்படியா ஒண்ணும் இருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. கர்ட் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். படத்தை இனிமேல் அவர் கைமாற்ற முடியாது என்றார். காது டாக்டரைப் பார்த்து, கருவி ஏதாவது வைத்துக்கொண்டு வந்தால் அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் கீழே பெட்டி அறை. யொலாண்டாவைப் பற்றி மேலே தானே பேசுவதாகச் சொன்னார். "ஒத்தக் கையில புடிச்சவளை எப்படி வெளிய அனுப்புறது?" என்றார்.

வெளியே நடையில் யொலாண்டா அவருடைய வலது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டாள். அதை அவர் கவனித்தார். எரிச்சலாக இருந்தது.

"காதைப் பத்தி ஏன் சொல்லல?"

"சொன்னா பெட்டி அறைக்கு அனுப்புவாங்கன்னுதான்."

"இப்ப சொல்லாமலே அனுப்பிட்டாங்களே."

"ஆமா."

"என் குரல்தான்னு நெனச்சு விட்டீங்களா, இல்ல யார் குரல்னா என்னன்னு விட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

டெல்பர்ட் நின்று யோசித்தார். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை எது என்றும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார், அது வந்தது. யாரிடமிருந்து என்று கேட்க மனம் நிற்கவில்லை. சீக்கிரம் விட்டுவிட்டு நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற அவசரம் இருந்தது. பியானோ காலத்திலும் இந்த அவசரம்தானோ என்னவோ. அந்தக் கூட்டாளி அன்றைக்கு நிஜமாகவே சொன்னானா, இல்லை மாடியில் வேறு யாராவது பேசியதா என்று முதல் முறையாக ஒரு கேள்வி வந்து நின்றது. அதை அவர் அங்கேயே விட்டுவிட்டார். இத்தனை வருஷம் ஒருவனைத் திட்டியாயிற்று. இனி மாற்ற முடியாது.

"தெரியல," என்றார்.

"சரி. இதுவாவது நெசம்," என்றாள் யொலாண்டா.

மார்ச்சில் யொலாண்டாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அந்த மாதமே ஹாட்லி அடுத்த நிகழ்ச்சியையும் வைத்தாள். நிறுத்திவிடுவார்கள் என்று டெல்பர்ட் எதிர்பார்த்திருந்தார். நிறுத்துவதாவது. ஊரெல்லாம் சுற்றிய அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, போன முறையைவிட அதிகக் கூட்டம் வந்தது. இந்தத் தடவை ஒரு வேட்டை நாய் ஜெயித்திருந்தது, கொஞ்ச வித்தியாசத்தில் ஒரு கோழியைத் தோற்கடித்து.

சொல்லை மாற்றியிருந்தார்கள். ஹாட்லியின் யோசனை. வாங்குகிறவர் இனிமேல் கொடுக்கிறவரின் பேரைச் சொல்லி, "விடு" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது, அதனால் குழப்பம் வராது. கர்ட்டுக்கும் அது சரியென்று பட்டது. டெல்பர்ட்டை வந்து பார்க்கச் சொல்லி ஹாட்லி இரண்டு தடவை பெட்டி அறைக்கு இறங்கிவந்து கெஞ்சினாள். அவர் வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தாள். அவர் அதில் உட்காராமல் பின்னால் தூணை ஒட்டி நின்றுகொண்டார்.

ஏணியில் தச்சுப் பிரிவிலிருந்து வந்த கோரி என்கிற ஆள் நின்றான். நல்ல உடம்பு. படத்தை உயர்த்தினான். மேலே யொலாண்டாவின் இரண்டு கையும் வந்து அடியில் சேர்ந்தன.

"கோரி, விடு," என்றாள்.

கோரி அந்தக் கணமே விட்டான். ஒரு மூச்சுகூடப் பொறுக்கவில்லை. டெல்பர்ட்டின் விரல்கள் அவருடைய கோட்டுப் பைக்குள் தாமாக மடங்கின, மடங்காத இரண்டைத் தவிர. நாய் ஆடாமல் அசையாமல் மேலே போய்ச் சுவரில் உட்கார்ந்தது. அப்புறம்தான் ஹாட்லி கூட்டத்தைப் பார்த்து, எல்லாருக்கும் புடிச்சிருக்கா என்று கேட்டாள். கூட்டம் கத்தியது. யார் கையிலிருந்தும் எதுவும் விழவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் ஹாட்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணுக்கு வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பாத்தீங்களா டெல்பர்ட்? எவ்வளவு சுலபமா முடிஞ்சுது!"

"கூட்டத்துல இன்னொரு கோரி இருந்தா?"

"ஆங்?"

"அவன் பாலாடைக் கட்டித் தட்டை விடாம புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் பொண்டாட்டி, கோரி, விடு, வீட்டுக்குப் போலாங்குறா. அப்ப?"

ஹாட்லியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அதைப் பற்றி யோசிக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது. அதற்குள் யொலாண்டா சாரத்திலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டாள். வந்தவள் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து நின்றாள்.

"அப்பவும் அது என் குரலா இருக்காது பெருசு. கோரிக்கு என் குரல் தெரியும்."

"நேத்து வந்தவன். அவனுக்கு எப்படித் தெரியும்?"

"வந்த அன்னிக்கே கேட்டுக்கிட்டான். கண்ணை மூடிக்கிட்டு, நீ பேசு, நான் கேக்குறேன்னான். அரை மணி நேரம் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உங்களையும் திட்டினேன்."

"என்னன்னு?"

"காது டாக்டர்கிட்டப் போகாத கெழவன்னு."

டெல்பர்ட் ஏணியைப் பார்த்தார். கோரி அதை மடக்கிக்கொண்டிருந்தான். மூன்று பேர் அவனைச் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். அவனும் ஏணியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்று கொடுத்தான். ஆள் நல்லவனாகத்தான் தெரிந்தான். நல்லவன் என்று தெரிவதில் என்ன இருக்கிறது?

"கண்ணை மூடிக் கேட்டா சரியாப் போச்சா," என்றார்.

"சரியாத்தானே போச்சு? இப்பதான பாத்தீங்க."

"ஒரு தடவை பாத்தேன்."

"எத்தனை தடவை பாத்தா ஒத்துப்பீங்க?"

டெல்பர்ட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு அந்த ஏணியோட கால் ரப்பரை மாத்தச் சொல்லு. தேஞ்சு கெடக்கு," என்று யொலாண்டாவிடம் சொல்லிவிட்டு, பாலாடைக் கட்டி மேஜையைச் சுற்றிக்கொண்டு சரக்கு வாசல் பக்கமாக நடந்தார். பின்னால் ஹாட்லி மறுபடியும் மைக்கில் ஏதோ கேட்டாள். கூட்டம் ஒரே குரலில் ஏதோ சொன்னது. என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனார்.